தொட்டுக்க என்ன?

ஏற்காடு ஏரிக்கரையில் படகுத்துறையைத் தாண்டி வரிசையாக இருக்கும் கடைகளில் ஒன்றில், கோடை விழா சமயத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். ‘மலைவாழ் முன்னோர் உணவு. சர்க்கரைக்கு இனி விடுதலை.’ பலகைக்குக் கீழே சாமை நூடுல்ஸ், தினை பிஸ்கட், வரகு முறுக்கு, ராகி லட்டு. நூடுல்ஸ் பாக்கெட்டை எடுத்துத் திருப்பினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கருகே கொண்டுபோனால்தான் படிக்க முடிகிற எழுத்தில் சேர்மானம் அச்சாகியிருந்தது. முதலில் மைதா. அப்புறம் பாமாயில். சாமை மாவு மூன்றாவதாக, 15 விழுக்காடு. “எல்லாமே ஹெல்தி சார், பயப்படாம எடுங்க” என்றான் கடைப்பையன்.

கடைக்காரரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஊரே சொல்வதைத்தான் அவர் பலகையில் எழுதியிருக்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்கிறார், காலை நேரத் தொலைக்காட்சியில் ஒருவர் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் சித்தப்பா அனுப்புகிறார். அரசும் தன் பங்குக்குச் சொல்கிறது. 2018இல் மத்திய அரசு சிறுதானியங்களுக்கு ‘ஊட்டச்சத்துத் தானியங்கள்’ என்று பெயர் மாற்றியது. இந்தியா கேட்டுக்கொண்டபடி ஐ.நா. சபை 2023ஐச் சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் சிறுதானியம் ‘ஸ்ரீ அன்னா’ ஆயிற்று. கேழ்வரகுக்குத் திருநாமம் சாத்தியாகிவிட்டது; இனி கோயில் கட்டுவதுதான் பாக்கி.

இந்த நம்பிக்கையைச் சுருக்கினால் இவ்வளவுதான்: முன்னோர்கள் சாமையும் தினையும் தின்றார்கள், நோயில்லாமல் வாழ்ந்தார்கள். வெள்ளை அரிசி வந்தது, சர்க்கரையும் கூடவே வந்தது. ஆகவே அரிசிக்குப் பதிலாகச் சாமையைப் போடு, போன ஆரோக்கியம் திரும்பிவிடும். இதில் சாமைமேல் எனக்கு வழக்கு ஏதும் கிடையாது. எங்கள் வீட்டில் வாரம் ஒருநாள் சாமைப் பொங்கல்தான். என் வழக்கெல்லாம் அந்தப் ‘பதிலாக’ என்ற சொல்மேல்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு வழி. இருபது கொண்டை ஊசி வளைவுள்ள பெரிய சாலையில் சுற்றுலா வண்டிகள் ஏறும். குப்பனூர் வழியில் கூட்டம் குறைவு. சேர்வராயன் மலையின் உள்கிராமங்களுக்குப் போகிற நான் அந்த வழியாகத்தான் ஏறுவேன். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு மலையாளி வீடு உண்டு. மலையாளி என்றால் கேரளத்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் தமிழே பேசும் பழங்குடி மக்கள் அவர்கள். அந்த வீட்டு ஆயாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். முற்றத்தின் ஓரத்தில் ஒரு கல் உரல் கிடக்கிறது. அதில் இப்போது கோழிக்குத் தண்ணீர் வைக்கிறார்கள்.

சாமை என்ன பாடுபடுத்தும் என்பது அந்த உரலுக்குத் தெரியும். எள்ளளவே இருக்கும் மணி. மேல்தோல் வழவழவென்று கண்ணாடிபோல இறுகப் பிடித்திருக்கும். நெல்லைப்போல ஒரு குத்துக்கெல்லாம் விட்டுக்கொடுக்காது. காயவைத்து, உரலில் கொட்டிக் குத்தி, முறத்தில் புடைத்து, உமியை ஊதித் தள்ளி, உரியாததை மறுபடி உரலில் கொட்டிக் குத்தி, மறுபடி புடைத்து, நொய்யைக் கொழித்தெடுத்து, மூன்றாவது முறையும் குத்தினால் அன்றைய சோற்றுக்கு அரிசி தேறும். ஒருநாள் இருநாள் வேலையில்லை, தினமும். ஆயா சொன்னார்: “கோழி கூவறதுக்கு முன்னால எந்திரிச்சுக் குத்தோணும் கண்ணு. வயித்துல புள்ள இருந்தாலும் குத்தோணும். ரேசன் அரிசி வந்தப்புறம் ஒலக்கைய மூலையில சாத்துனவதான், இன்னும் தொடல.” நெல்லுச்சோறு அந்தக் காலத்தில் நோம்பி நொடிக்குத்தான் என்றும் சொன்னார். சேர்வராயன் கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து. மற்ற நாளெல்லாம் சாமைச் சோறும் களியும்.

சிறுதானியத்தை ‘மறந்துபோன’ உணவு என்று எழுதுகிறவர்களிடம் இதைக் கேட்க வேண்டும்: யார் மறந்தார்கள்? இந்தப் பெண்கள் ஒன்றையும் மறக்கவில்லை. நன்றாக நினைவிருப்பதால்தான் விட்டார்கள். 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூனிலிருந்து விலையில்லாமலும் அரிசி கைக்கு வந்தபோது, விடியற்காலை இரண்டு மணிநேரத் தூக்கத்தை அவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதை நகரத்து நாகரிகத்துக்கு மயங்கியதாகச் சித்திரிப்பதில் கொஞ்சம்கூட நியாயமில்லை. உலக்கையைப் பிடித்திராத கைகள்தான் உலக்கைக் காலத்தை மெச்சுகின்றன. என் கையும் பிடித்ததில்லை. அதனால்தான் அடக்கி வாசிக்கிறேன்.

ஏரிக்கரைக் கடையில் சாமை அரிசி கிலோ நூற்றுச் சொச்சத்துக்குப் போகிறது என்று ஆயாவிடம் சொன்னேன். விலையைக் கேட்டு வியப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு: “தொட்டுக்க என்ன குடுக்கறாங்க?”

இந்தக் கேள்வியை இத்தனை ஆண்டு சிறுதானியப் பிரசாரத்தில் ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. சாமை விதைத்த காட்டில் சாமை மட்டும் இருந்ததில்லை. ஊடே அவரை, துவரை, மொச்சை, வரப்பில் கடுகு, ஓரத்தில் பூசணி. விதைக்காமலே பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் முளைக்கும். மழை பெய்தால் ஓடையில் நண்டு. சாமைச் சோற்றுக்கு அவரைப் பருப்புக் குழம்பு, களிக்குக் கீரைக் கடைசல், கூழுக்குக் கொள்ளுத் துவையல். காடு மொத்தமும் தட்டுக்கு வந்தது. அதில் ஒரு பங்குதான் தானியம்.

அந்தக் காடு சுருங்கிய கதை பழையது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பின்னாளில் சில்வர் ஓக்கும் மிளகும் காப்பிக்குத் துணையாகப் பரவின. பக்கத்துக் கொல்லிமலையில் சாமைக் காடுகளை மரவள்ளி தின்றது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அந்தக் கிழங்கு வேண்டியிருந்தது. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சாமை ரகங்களைக் காப்பாற்றவும், குத்துகிற வேலையைக் குறைக்கச் சிறு எந்திரங்களைக் கொண்டுவரவும் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. நல்ல வேலை. மலையின் சிக்கல் தானியத்தில் இல்லை, குத்துவதில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட வேலை. ஆனால் வெளியுலகம் அந்தக் கதையில் சாமையை மட்டும் எடுத்துக்கொண்டது. சாமை போனதைக் கண்டுபிடித்து மாநாடு போட்டவர்கள், கூடவே அவரையும் துவரையும் கீரையும் போனதைக் கவனிக்கவில்லை. அவரைக்குச் சர்வதேச ஆண்டு கொண்டாட யாருக்குத் தோன்றும் என்கிறீர்களா? பருப்பு வகைகளுக்கும் ஒரு சர்வதேச ஆண்டு இருந்தது, 2016இல். வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

இனிச் சத்துக் கணக்கு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டது. நூறு கிராம் வெள்ளை அரிசியில் புரதம் 7.9 கிராம். கேழ்வரகில் 7.2. ஆம், கேழ்வரகில்தான் குறைவு. சாமையில் 10.1. அரிசி தரும் ஆற்றல் 356 கிலோ கலோரி, சாமை 346, கேழ்வரகு 320. பகையாளிகள் என்று நாம் நினைத்தவர்கள் உண்மையில் ஒன்றுவிட்ட சகோதரர்கள். நார்ச்சத்தில் வித்தியாசம் உண்டு: அரிசியில் 2.8 கிராம், சாமையில் 7.7, கேழ்வரகில் 11.2. கேழ்வரகின் கால்சியம் 364 மில்லிகிராம்; அரிசி அதன் கிட்டேயே நிற்க முடியாது. இதை மறுப்பது முட்டாள்தனம். கால்சியத்துக்காகக் களி கிண்டுங்கள், நானும் ஒரு உருண்டைக்கு வருகிறேன்.

இரும்புச்சத்து விஷயத்துக்கு வாருங்கள். பழைய அட்டவணை சாமையில் 9.3 மில்லிகிராம் இரும்பு என்றது. 2017 அட்டவணையில் அது 1.26. ஏழில் ஒரு பங்கு. ஆனாலும் பாக்கெட்டுகளிலும் யூடியூபிலும் அந்த 9.3தான் இன்னும் வலம்வருகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. சாமை தின்றால் ரத்தம் ஊறும் என்று அவர்களிடம் சொல்வது வெறும் பிழையோடு நிற்காது. கீரையும் முட்டையும் இரும்பு மாத்திரையும் சேர வேண்டிய இடத்தில் ஒரு தானியத்தை உட்காரவைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, கடையில் கிடைக்கும் சாமை பெரும்பாலும் பளிச்சென்று வெளுத்திருக்கும். தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டு, வைத்திருந்தால் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே ஆலையில் தீட்டிவிடுகிறார்கள். எந்த நார்ச்சத்துக்காக நூறு ரூபாய் கொடுத்தோமோ அது மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது.

சர்க்கரை நோய்க்கு வருகிறேன், சண்டை அங்கேதான். எதிர்த்தரப்பின் கையில் உள்ள நல்ல ஆயுதம் 2021இல் இக்ரிசாட் என்ற வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் முன்னின்று செய்த தொகுப்பாய்வு. 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சிறுதானியம் உண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 12 விழுக்காடும் சாப்பிட்ட பின் 15 விழுக்காடும் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒதுக்கிவிடக் கூடிய ஆய்வில்லை. ஆனால் ஆய்வில் அளந்து கொடுக்கிறார்கள். வீட்டில் அகப்பை கொடுக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. அரிசியை அறவே விட்டுச் சாமைக்கு மாறினேன். நல்லது என்று பெயர் வாங்கிவிட்ட பொருளாயிற்றே, இரண்டாவது முறை போட்டுக்கொள்ள மனசாட்சி உறுத்தவில்லை. மூன்று மாதச் சர்க்கரை பார்த்தபோது எண் ஒரு புள்ளி ஏறியிருந்தது. ஒருவன் உடம்பு ஆதாரமாகாது என்பது தெரியும். அதனால் பதினெட்டாயிரம் பேரின் கணக்குக்குப் போகலாம்.

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடெங்கும் நடத்திய இன்டியாப் ஆய்வின் உணவுப் பகுதி 2025 செப்டம்பரில் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்தது. 18,090 பேர் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். நம் உணவின் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்துப் பார்த்தபோது சர்க்கரை நோய்க்கான ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு 5 விழுக்காட்டு ஆற்றலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தபோது குறைந்தது. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் இது காரணத்தை அறுதியிட்டுச் சொல்லாது, சுட்டிக்காட்டும், அவ்வளவே. ஆனால் சுட்டும் திசையைப் பாருங்கள். தானியத்தின் சாதியை மாற்றுவதில் பெரிய பயனில்லை, தட்டில் அதன் பரப்பைக் குறை, பக்கத்தில் வேறொன்றை வை. ஆயாவின் கேள்வியை ஆய்வுமொழியில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

இதுகூடப் புதிதில்லை. 1920களில் நம் நீலகிரிக் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்து வளர்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலிகளின் சராசரி எடை 235 கிராம். மதராஸ் உணவு தின்றவை 155 கிராம். அரிசி தின்றால் சோதாவாகிவிடுவோம் என்று இதை வைத்து நூறாண்டாகப் பேசுகிறார்கள். அந்த எலிகளின் தட்டைப் பார்த்தால்தானே தெரியும்! சீக்கியத் தட்டில் சப்பாத்தியோடு பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி. மதராஸ் தட்டில் அரிசியோடு தொட்டுக்க ஏறக்குறைய ஒன்றுமில்லை. மெக்காரிசனுக்குப் பின் அந்தக் கூடத்துக்கு வந்த அய்க்ராய்ட், தென்னிந்திய விடுதிப் பிள்ளைகளின் வழக்கமான சாப்பாட்டோடு கொழுப்பெடுத்த பாலைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் வேகமாக வளர்ந்தார்கள். சோற்றை அவர் தூக்கியெறியவில்லை. அந்தக் குன்னூர் கூடம்தான் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

‘நோயில்லாத முன்னோர்’ பற்றியும் இரண்டு வார்த்தை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. கம்பும் சோளமும் கேழ்வரகும் விளைந்த மாவட்டம்தான். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார், இந்திய அரசு பஞ்சத்தைப் பார்க்க அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார்: அளவு பத்தாது, தானியம் மட்டும் கொடுத்தால் உடம்பு தாங்காது, பருப்பும் வேண்டும். அந்த வழக்கில் நாம் இன்னும் டெம்பிள் கட்சியிலேயே இருக்கிறோம். என்ன, தானியம் கொஞ்சம் விலை கூடிவிட்டது. நம் முன்னோருக்குச் சர்க்கரை நோய் குறைவாக இருந்திருக்கும், உண்மைதான். 1951இல் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32. குழந்தைச் சாவுகளே அந்த எண்ணைக் கீழே இழுத்தன என்பதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், ஐம்பதுக்குமேல் வரும் நோய்க்குக் காத்திருக்கப் பலருக்கு வாய்க்கவில்லை. பிழைத்தவர்கள் தினம் இந்த மலையை ஏறி இறங்கினார்கள். அதைப் பாக்கெட்டில் போட்டு விற்க முடியாததால் யாரும் பலகையில் எழுதுவதில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பட்டர் ஃப்ரூட் மரங்கள் நெடுங்காலமாக நிற்கின்றன. நான் சிறுவனாக இருந்தபோது சாலையோரத்தில் கூறுகட்டி வைத்திருப்பார்கள். மலைக்கு வந்தவர்கள் மோந்து பார்த்துவிட்டுக் கொய்யாவை வாங்கிக்கொண்டு போவார்கள். இன்று அதே பழம் அவகாடோ என்ற பெயரில் சென்னையில் ரொட்டிமேல் ஏறி உட்கார்ந்து பல நூறு ரூபாய் கேட்கிறது. பழம் நல்ல பழம். விலை ஏறியது அதன் சத்து ஏறியதால் இல்லை. சாமைக்கும் இதுதான் நடக்கிறது, ஒரு வேறுபாட்டோடு: பட்டர் ஃப்ரூட்டைச் சாப்பிடாதவனை யாரும் முன்னோரை மறந்த பாவி என்று திட்டுவதில்லை.

சிறுதானியத்துக்காகப் பேசத் தக்க காரணங்கள் இல்லாமலில்லை. மானாவாரியில் விளையும், தண்ணீர் குறைவாகக் கேட்கும், சரிவு நிலத்திலும் காலூன்றும். பருவம் தவறிப் பெய்கிற இந்தக் காலத்தில் அது பெரிய குணம். மலைக்காரர் விளைவித்ததை அவரிடமே நல்ல விலைக்கு வாங்க ஏற்பாடு இருந்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். அவை உழவுக்கான காரணங்கள். அவற்றை மருந்துச்சீட்டாக்கி விற்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. சிறுதானிய பிஸ்கட்டை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை என் உறவிலேயே பார்த்திருக்கிறேன்.

சேலத்துக்குத் தெற்கே நாமக்கல், வெளி மாநிலங்களுக்கும் முட்டை அனுப்பும் ஊர். சத்துணவில் பள்ளிப் பிள்ளைக்கு வாரம் ஐந்து முட்டை கிடைக்கிறது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது முட்டை கிடையாது. 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்து, படிப்படியாக வாரம் ஐந்தானது. கூடவே கொண்டைக்கடலை, பச்சைப்பயறு சுண்டல். ‘முன்னோர் உணவு’ கூட்டங்களில் இந்த முட்டையைப் பற்றி ஒரு பேச்சும் எழுவதில்லை. அதற்குத் திருநாமம் சாத்த முடியாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். ஏற்காட்டுக்கும் வரட்டும். ஆனால் அதே கடையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய். நான்கு பேர் குடும்பத்தில் முப்பது நாளுக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் சொச்சம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டி ஒருவருக்கு நாளொன்றுக்குச் சொல்வது 85 கிராம் பருப்பு. அட்டைக்கு இருபது கிலோ என்று வைத்துக்கொண்டால், விலையில்லா அரிசி அதே ஆளுக்கு 166 கிராம். பருப்பை இரண்டு கிலோ ஆக்கு, மூன்று கிலோ ஆக்கு என்று எந்தச் சிறுதானியத் திருவிழா மேடையிலும் நான் கேட்டதில்லை.

சென்ற முறை போனபோது ஆயா வீட்டு அடுக்களையைக் காட்டச் சொன்னேன். “இதுல என்ன கண்ணு பாக்கறதுக்கு இருக்குது” என்று சொல்லிக்கொண்டே கூட்டிப்போனார். அரிசி மூட்டை பாதிக்குமேல் இருந்தது. மேல்தட்டிலிருந்து பருப்பு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். அன்று தேதி பதினெட்டு. அடியில் ஒரு கைப்பிடி கிடந்தது.